பழைய வேனை வாங்கியவர்

அத்தியாயம் 9

வேன் ஸ்டாண்டில் தம்பி கால் வைத்ததும் பேச்சு நின்றது.

காலை ஆறே முக்கால். ஐந்தாறு டிரைவர்கள் ஒரு வண்டியின் பேனட்டில் செய்தித்தாளை விரித்துப் போட்டுக் குனிந்திருந்தார்கள். அவனைக் கண்டதும் ஒருவர் தாளை மடித்து அக்குளில் செருகிக்கொண்டார். இன்னொருவர் காற்று நிறைந்த டயரைக் காலால் உதைத்துச் சோதித்தார்.

"என்ன பேசிட்டிருந்தீங்க?"

"ஒண்ணுமில்ல செயலாளரே. மழை வருமான்னு பார்த்தோம்."

வானத்தில் மருந்துக்குக்கூட ஒரு மேகம் இல்லை.

புதிய வாகன வரி பற்றிய அறிவிப்பு வந்து ஏழு நாள் ஆகியிருந்தது. இன்ஜின் எவ்வளவு பெரியதோ அவ்வளவு வரி. அதற்கு மேல் புகைக்கு என்று தனியாக ஒரு வரி. அறிவிப்புக்கு முன் கடைசியாக எடுத்த புகைச் சான்றிதழில் என்ன அளவு இருக்கிறதோ, அதை வைத்துக் கணக்கு. ஆட்சேபம் சொல்ல முப்பது நாள் கொடுத்திருந்தார்கள். அன்றிலிருந்து ஒருவர் வண்டியின் சைலன்சரை இன்னொருவர் ஓரக்கண்ணால் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

வேன் உரிமையாளர் சங்கத்தின் செயலாளர் தம்பிதான். வரியை எதிர்த்து மனு எழுதியவனும் அவன்தான். ஆனால் அறிவிப்பு வருவதற்குப் பதினாறு நாள் முன்னால், தன்னுடைய இரண்டாயிரத்து எண்ணூறு சிசி பழைய வேனை விற்றுவிட்டு, அதில் பாதி இன்ஜின் உள்ள வண்டியை வாங்கியிருந்தான். அவன் அக்கா வேலை பார்ப்பது புகைப் பரிசோதனை நிலையத்தில். அவன் குடியிருப்பது அக்கா வீட்டு மாடியில். வேனை விற்றுக் கொடுத்தது அக்காவின் கணவர். அவர் வாகன புரோக்கர். தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். கோபம் வந்தால் அக்காவும்.

இந்த மூன்றையும் கூட்டிப் பார்க்க வேன்காரர்களுக்குப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை.

ஸ்டாண்டுக்குள் கறுப்புப் புகையோடு ஒரு வண்டி திரும்பியது. தம்பியின் பழைய வேன். பின்னால் இருக்கைகளைக் கழற்றிவிட்டு அண்டாக்களும் கரண்டிகளும் அடுக்கியிருந்தார்கள். அதை வாங்கியவர் விருந்துச் சமையல் கான்ட்ராக்டர், எல்லோருக்கும் மாஸ்டர். அவர் இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"சாயங்காலம் கூட்டத்துக்கு வருவீங்கல்ல தம்பி?"

"கூட்டத்தைக் கூட்டினதே நான்தானே மாஸ்டர்."

"அதான் கேட்டேன்," என்றார் அவர். கண்ணாடி மேலே ஏறியது.

தம்பிக்கு அப்போதுதான் காலையில் மனைவி சொன்னது உறைத்தது. அவள் டிரைவிங் ஸ்கூலில் பயிற்சியாளர். அக்காவை 'அண்ணி' என்றுதான் கூப்பிடுவாள். வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டபடியே, முகத்தை நிமிர்த்தாமல் சொன்னாள்: "கூட்டத்துல வாயைக் குடுத்து மாட்டிக்காதீங்க. அண்ணியைப் பத்தி யாராவது கேட்டா, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடுங்க."

"தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு," என்று அவன் சிரித்திருந்தான்.

* * *

பரிசோதனை நிலையத்தில் அன்று வரிசை தெருமுனை வரை போனது. வழக்கமாக வருடக்கணக்கில் சான்றிதழைப் புதுப்பிக்காதவர்கள்கூட வண்டியோடு வந்து நின்றார்கள்.

"அறிவிப்புக்கு முன்னாடி எடுத்ததைத்தான் கணக்கில எடுப்பாங்க. இப்ப வந்து பிரயோஜனம் இல்ல," என்று அக்கா நூறாவது தடவையாகச் சொன்னாள்.

"அப்படித்தான் சொல்லுவீங்க," என்றார் சரக்கு வண்டிக்காரர் ஒருவர். "நாங்க எடுக்காம இருக்கணும், அதைக் காட்டி வரியை ஏத்தணும். அதுதானே திட்டம்."

"என் திட்டமா?"

"உங்க திட்டம்னு சொல்லலம்மா. உங்க மெஷினோட திட்டம். அது யாரு வாங்கிக் குடுத்த மெஷின்னு நாங்களும் விசாரிச்சிட்டுத்தான் இருக்கோம்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பதினோரு வருடமாக அந்த நீளக் குழாயை ஆயிரக்கணக்கான சைலன்சர்களுக்குள் செருகியவள் அவள். மூக்கைச் சுற்றி ஒரு கறுப்பு வளையத்தோடு வீட்டுக்குப் போவாள். இதுவரை மெஷினைத் திட்டியவர்கள் உண்டு. அவளைச் சந்தேகப்பட்டவர் இல்லை.

பதினொரு மணிக்கு மாஸ்டரின் முறை வந்தது.

"சான்றிதழ் இருக்கும்மா. இருந்தாலும் ஒருதரம் அளந்து காட்டுங்க. நேத்து ஒரு வீட்டு வாசல்ல நிறுத்தினேன். காயப் போட்டிருந்த துணியெல்லாம் கரி. இன்னொரு தடவை உங்களைக் கூப்பிட மாட்டோம்னு சொல்லிட்டாங்க."

அவள் குழாயைச் செருகினாள். ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்து விடச் சொன்னாள். ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. திரையில் ஏறிய எண்ணைப் பார்த்து, குழாய் சரியாக உட்காரவில்லையோ என்று மறுபடி செருகினாள். எண் குறையவில்லை. அனுமதித்த அளவைப் போல இரண்டு மடங்கு.

"அந்தச் சான்றிதழைக் குடுங்க."

மாஸ்டர் பிளாஸ்டிக் உறையிலிருந்து பத்திரமாக எடுத்துக் கொடுத்தார். போன மாதம் ஒன்பதாம் தேதி. புகை அளவு, கைக்குழந்தை விட்ட மூச்சு போலச் சுத்தம். பரிசோதகர் எண் என்ற இடத்தில் அவளுடைய எண்.

அவளுக்கு அந்த வேனைப் பரிசோதித்த நினைவே இல்லை.

"மெஷின் இன்னும் சூடாகல மாஸ்டர். சூடாகாட்டி அளவு தப்பாக் காட்டும். நாளைக்கு வாங்க."

பதினோரு வருடத்தில் வண்டிக்காரர் ஒருவரிடம் அவள் சொன்ன முதல் பொய் அது. காலை எட்டரையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் மெஷின், பக்கத்தில் நின்றாலே அனல் அடித்தது. மாஸ்டர் அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"சரிம்மா," என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

மதிய இடைவேளையில் கதவைச் சாத்திக்கொண்டு, கம்ப்யூட்டரில் ஒன்பதாம் தேதியைத் திறந்தாள். ஒவ்வொரு சான்றிதழுக்கும் வண்டியின் பின்பக்கப் புகைப்படம் ஒன்று சேர்ந்திருக்கும். படத்தில் தம்பி வேனின் நம்பர் பிளேட் தெளிவாகத் தெரிந்தது. நேரம் காலை ஏழு பத்து. நிலையம் திறப்பது எட்டரைக்கு.

படத்தைப் பெரிதாக்கினாள். சைலன்சர் குழாய் வலது பக்கம் இருந்தது. தம்பியின் வேனுக்கு இடது பக்கம். சற்று முன்புதான் அதற்குள் குழாயைச் செருகியிருந்தாள். அந்த பிளேட்டைக் கழற்றி வேறொரு புது வண்டியில் மாட்டி, அதன் புகையை அளந்திருக்கிறார்கள். அவளுடைய சாவியால் திறந்து, அவளுடைய எண்ணுக்குள் நுழைந்து.

சாவி வீட்டில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். அதை எடுக்க ஏணி தேவையில்லை.

கடந்த இரண்டு மாதத்தில் காலை எட்டு மணிக்கு முன்னால் போட்ட சான்றிதழ்கள் எல்லாவற்றையும் தேடினாள். ஐந்து இருந்தன. ஐந்தையும் அச்சிட்டு ஒவ்வொன்றாகப் படித்தாள். படித்து முடித்ததும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கொண்டுவந்த சாப்பாட்டு டப்பாவை அன்று திறக்கவே இல்லை.

* * *

சங்கக் கூட்டம் டிங்கர் பட்டறையின் பின்பக்கக் கொட்டகையில். நாற்காலி நாற்பது, வந்தவர்கள் எழுபது பேருக்கு மேல். மிச்சப்பேர் கழற்றி வைத்திருந்த வண்டிக் கதவுகளின் மேல் சாய்ந்து நின்றார்கள்.

தலைவர் மைக்கைத் தட்டுவதற்குள் கேள்விகள் கிளம்பிவிட்டன.

"இன்ஜின் பெரிசுன்னா வரி. சரி. என் வண்டியில இருபது பேர் போறாங்க. அந்த இருபது பேரும் ஆளுக்கொரு சின்ன வண்டியில போனா புகை குறையுமா?"

"சின்ன வண்டி விக்கறவன் யாரோ உள்ள பூந்து வேலை பார்த்திருக்கான்."

"புகையைக் குறைக்கறதுக்கு வரின்னா, புகை போனதும் வரியை எடுத்துடுவாங்களா? அதை எழுத்துல தரச் சொல்லுங்க."

தம்பி ஒவ்வொன்றையும் குறிப்பெடுத்துக்கொண்டான். இதெல்லாம் மனுவில் சேர்க்க வேண்டிய நல்ல கேள்விகள். அவனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தபோது, கடைசி வரிசையிலிருந்து மாஸ்டர் எழுந்தார்.

"எனக்கு வரியைப் பத்திக் கேக்கத் தெரியாதுங்க. செயலாளர்கிட்ட ஒரு விஷயம் கேக்கணும்."

முன்வரிசைக்காரர்கள் நாற்காலியோடு திரும்பினார்கள்.

"நான் வாடகை டெம்போவுல பாத்திரம் ஏத்திப் பொழைச்சிட்டிருந்தவன். சொந்த வண்டின்னு ஒண்ணு இப்பத்தான் வாங்கினேன். தினக்கூலிக்கு வந்துட்டிருந்த நாலு பேரை, இனி மாசச் சம்பளம்னு சொல்லி நிறுத்திக்கிட்டேன். இந்த வரி வந்தா வண்டியும் நிக்கும், அவங்களும் நிப்பாங்க. எனக்கு அந்த வேனை விக்கிறப்ப, இப்படி ஒண்ணு வருதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது மாஸ்டர். சத்தியமாத் தெரியாது."

"சத்தியம் கேக்கல தம்பி. தேதி கேக்கறேன். பதினோரு வருஷம் வச்சிருந்த வண்டியை அந்த மாசம் விக்கணும்னு ஏன் தோணுச்சு?"

தம்பி வாயைத் திறந்தான். பதில் நாக்கு நுனியில் இருந்தது. 'மாமா சொன்னார். இப்பவே தள்ளிவிடு, அப்புறம் காயலான் கடைக்காரன்கூடத் தொட மாட்டான்னு சொன்னார்.' அப்போது அதை ஒரு புரோக்கரின் வழக்கமான பேச்சு என்று எடுத்துக்கொண்டிருந்தான். எழுபது ஜோடிக் கண்கள் முன்னால் அதே வார்த்தைகள் வேறு மாதிரி ஒலித்தன.

அதைச் சொல்லவில்லை. "வண்டியைத் திருப்பிக் குடுங்க மாஸ்டர்," என்றான். "நீங்க குடுத்ததைக் குறையாம குடுத்துடறேன். வரியை நான் கட்டிக்கறேன்."

நல்லது செய்வதாகத்தான் அவன் நினைத்தான். ஆனால் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து, கதவுகளின் மேல் சாய்ந்து நின்றவர்கள் வரை போனது.

"தப்பு பண்ணாதவன் எதுக்கு வண்டியைத் திருப்பி வாங்கணும்?" என்று யாரோ கேட்டார்கள்.

மாஸ்டர் அந்தக் குரலுக்குத் தலையாட்டவில்லை. தம்பியை மட்டுமே பார்த்தார்.

"இன்னைக்கு உங்க அக்காவும் எனக்கு நேரா பதில் சொல்லல தம்பி. சுடற மெஷினை சூடாகலன்னாங்க. நீங்க ரெண்டு பேரும் நல்லவங்கன்னுதான் நான் இத்தனை நாளும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன்."

அவர் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார். தலைவர், "செயலாளர் கொஞ்ச நாள் ஒதுங்கி இருக்கட்டும், மனுவை நான் பார்த்துக்கறேன்," என்றார். ஒருவர்கூட மறுப்புச் சொல்லவில்லை. தம்பி மினிட்ஸ் நோட்டை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தான்.

* * *

அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது மணி ஏழு. கீழ் வீட்டுக் கூடத்தில் சாப்பாட்டு மேஜையின் ஒரு பக்கம் அக்கா, எதிரில் புரோக்கர். நடுவில் அந்தப் புகைப்படம்.

"உள்ள வா," என்றாள் அக்கா. "நீயும் பாரு. இது உன் வண்டியா?"

"நம்பர் நம்மளுது. வண்டி நம்மளுது இல்ல."

"அப்ப உனக்குத் தெரியாது."

"என்ன தெரியாது?"

அக்கா கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்களே சொல்லுங்க."

புரோக்கர் நாற்காலியில் நெளிந்தார். ஊரில் எந்த வண்டியின் ஓட்டைக்கும் ஒரு நல்ல வார்த்தை வைத்திருக்கிற மனிதர். இன்று சுற்றி வளைத்து ஆரம்பித்தார்.

"இன்ஜின் அளவு வாரியா புகைக் கணக்குக் கேட்டு உங்க நிலையத்துக்கு ஒரு கடுதாசி வந்துச்சு. நீ இந்த மேஜையிலதான் பரப்பி வச்சு எழுதிட்டிருந்த. அந்த மாதிரிக் கணக்கு எதுக்குக் கேப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா? இருபத்திரண்டு வருஷமா வண்டி விக்கறேன். உன் தம்பி வண்டி போணியாகாம நின்னுடக் கூடாதுன்னு பார்த்தேன். அவ்வளவுதான்."

"என் சாவியை எடுத்து, என் பாஸ்வேர்டைப் போட்டு."

"நீதான் டைரியில எழுதி வச்சிருக்கியே. நான் என்ன பூட்டையா உடைச்சேன்?"

"நம்பர் பிளேட்டை எப்பக் கழட்டினீங்க மாமா?" என்று தம்பி கேட்டான்.

"பெயின்ட் அடிக்கணும்னு வாங்கிட்டுப் போகல? அன்னைக்கு." பிறகு குரலைத் தாழ்த்தி, "உனக்காகத்தான்டா செஞ்சேன்," என்றார்.

தம்பிக்கு மாஸ்டரின் முகம் கண்ணுக்குள் வந்தது. "எனக்காகச் செஞ்சதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் அந்த மனுஷன் தலையில கட்டியிருக்க மாட்டேன்."

"சொல்லியிருந்தா நீ வித்திருக்க மாட்ட. அதனாலதான் சொல்லல."

அக்கா இன்னும் நான்கு தாள்களை எடுத்து மேஜையில் வைத்தாள். "வித்தது போகட்டும். இந்த நாலும் யாரு வேலை?"

புரோக்கர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். தலையை ஆட்டினார். "இது நான் இல்ல. மூணாம் தேதி போட்டிருக்கு பாரு. அன்னைக்கு நாம ரெண்டு பேரும் எங்க அம்மாவோட கண் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில இருந்தோம்."

"தெரியும்."

"அப்ப சாவி?"

ஏதோ சொல்ல வந்த அக்கா, தாள்களை ஓரம் சேர்த்து அடுக்கினாள். "மாடியில குடுத்துட்டுப் போனேன்," என்றாள். பிறகு தம்பியிடம், "இந்த வண்டிங்க எதுன்னு தெரியுதா பாரு."

தம்பி தாள்களை வாங்கினான். முதல் எண்ணைப் பார்த்ததும் மற்ற மூன்றையும் வேகமாகப் புரட்டினான். நான்கு படத்திலும் ஒரே புதுக் கார், எண் மட்டும் வேறு. நான்கும் கூரையில் சிவப்பு எழுத்துப் பலகை மாட்டிய டிரைவிங் ஸ்கூல் கார்களின் எண்கள். அந்தக் கார்களைத் தினமும் காலையில் அவன் பார்க்கிறான். மனைவியைக் கொண்டுபோய் விடும்போது, அவற்றுக்குப் பக்கத்தில்தான் வண்டியை நிறுத்துகிறான்.

"தெரியல," என்றான்.

அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி. நாளைக்குக் காலையில நானே மேலதிகாரிக்கு எழுதிக் குடுக்கப் போறேன். இந்த அஞ்சும் நான் போட்டதில்லன்னு. யார் பேர் வந்தாலும் வரட்டும். மாஸ்டருக்கும் நேரா போய்ச் சொல்லிடறேன்."

"என் பேருமா?" என்றார் புரோக்கர்.

"உங்க பேர்தான் முதல்ல."

அவர் எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவை அறைந்தார். தம்பி மாடிப்படி ஏறினான்.

மனைவி சமையலறையில் நாளைக்கான காய்களை நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் நின்ற நிலையைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"கண்டுபிடிச்சிட்டாங்களா?"

அவள் மறுப்பாள் என்று நினைத்து வந்தவனுக்கு அந்தக் கேள்வி முகத்தில் அடித்தது. "நீயா? அக்கா நாளைக்கு மேலதிகாரிக்கு எழுதிக் குடுக்கப் போறா. ஏன் இப்படிப் பண்ணின?"

"நாலு காரும் ஃபெயிலாகி நின்னுச்சு. வரி வேற வரப்போகுதுன்னு முதலாளிக்குச் சந்தேகம். ரெண்டு பேரை நிறுத்தறேன்னார், அதுல ஒண்ணு நான். மெஷின் ஓட்ட ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போனேன். முதலாளியோட புதுக் காரை வச்சு நாலையும் அளந்தோம். முக்கால் மணி நேரம்."

"அக்காவோட பாஸ்வேர்டு எப்படி உனக்கு?"

"அண்ணிதான் சொன்னாங்க."

"பொய் சொல்லாத."

அவள் போனை எடுத்து, எதையோ தேடி, அவன் கையில் வைத்தாள். கரகரவென்ற சத்தத்துக்குப் பின்னால் ஆஸ்பத்திரி வராந்தாவின் இரைச்சல். அதற்குள்ளிருந்து அக்காவின் குரல், சந்தேகத்துக்கு இடமில்லாமல்: "அந்தக் கணக்கு இன்னைக்கே போயாகணும்மா. ஆபீஸ் திறக்கறதுக்கு முன்னாடி போய் நீயே அனுப்பிடு. பாஸ்வேர்டு சொல்றேன், எழுதிக்கோ. யார்கிட்டயும் சொல்லாத, தெரிஞ்சா என் வேலை போயிடும்."

தம்பி அதை இரண்டாம் முறை கேட்டான். கீழே அக்கா ஏன் தாள்களை அடுக்கினாள் என்பது இப்போது புரிந்தது.

"இதை எதுக்கு ரெக்கார்ட் பண்ணின?"

"என் போன்ல எல்லாமே பதிவாகும். வண்டி ஓட்டப் பழகற பிள்ளைங்களோட அப்பா அம்மா பேச்சு மாத்துவாங்கன்னு போட்டு வச்சது." அவள் மறுபடி கத்தியை எடுத்தாள். "அண்ணி எழுதிக் குடுக்கட்டும். எழுதறப்ப இதையும் சேர்த்து எழுதுவாங்களான்னு கேட்டுட்டு வாங்க."

அவன் போனை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். இன்று ஒரே நாளில் மாஸ்டர் போனார், சங்கம் போனது. இது ஒன்றையாவது மறைக்காமல் அக்கா முன்னால் வைத்துவிடலாம், நான்கு பேரும் உட்கார்ந்து பேசி, சேர்ந்தே மாட்டிக்கொள்ளலாம் என்றுதான் அவனுக்குத் தோன்றியது.

கீழ் வீட்டுக் கதவைத் தள்ளினான். திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. சண்டையும் சமாதானமுமாக இரண்டு குடும்பமும் ஆறு வருடம் புழங்கிய அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது என்பதே அவனுக்கு மறந்திருந்தது.

உள்ளேயிருந்து பேச்சு கேட்டது. கால் மணி நேரத்துக்கு முன்னால் கதவை அறைந்துகொண்டு போன மாமாவின் குரல் இப்போது தணிந்து, பொறுமையாக, எதையோ சொல்லிச் சொல்லி எழுத வைப்பதுபோல் வந்தது. நடுநடுவே அக்கா, "ம், அப்புறம்?" என்றாள்.

பிறகு அவளே ஒரு வரியைப் படித்துக் காட்டினாள். அதில் மாமாவின் பெயர் இல்லை; அவன் பெயர் இருந்தது.

தம்பி தட்டுவதற்காகத் தூக்கிய கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றான்.